வீணை வகுப்புக் காலண்டரில் எழுதும் உரிமையை ஏ.ஐ.யிடம் கொடுக்கலாமா?

வீணைவீடு:
என் அம்மா மயிலாப்பூரில் வீணை சொல்லித்தருகிறார். 2020 முடக்கத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறின. அதன்பின் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்தார்கள். இப்போது மொத்தம் 34 பேர்: டொராண்டோ பக்கம் 11, லண்டனில் 7, மற்றவர்கள் சென்னை, பெங்களூரு. நேரங்கள் எல்லாம் கூகுள் காலண்டரில் இருக்கின்றன. புதியவர்களுக்கு முன்பதிவுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் யாராவது நேரம் குறித்தால் வெப்ஹூக் (ஒரு நிரல் இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பு) வழியாக என் சர்வரில் ஓடும் என்எய்ட்என் என்ற தானியங்கி வேலைக் கருவிக்குத் தகவல் வரும். வீடியோ இணைப்பு உருவாகி நினைவூட்டலும் போய்விடும். இதுவரை எல்லாம் வெறும் விதிகள்தான். ஏ.ஐ. எதுவும் இல்லை.

மாற்றம் கேட்கும்போதுதான் திணறுகிறோம். "டீச்சர், சனிக்கிழமை பாப்பாவுக்குப் பள்ளி விழா, ஞாயிறு அதே நேரம் முடியுமா?" என்பதுபோல் வாட்ஸ்அப்பில் தினமும் ஐந்தாறு செய்திகள் வருகின்றன. முன்பதிவுப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் அங்கே போவதில்லை. பாடம் நடக்கும்போது அம்மா கைப்பேசியைத் தொடமாட்டார். இரவு பத்து மணிக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காலண்டரில் ஏற்றுகிறார். அறுபத்தெட்டு வயதில் அவர் அப்படி விழித்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரியை இணைக்க நினைக்கிறேன். அது செய்தியைப் படித்து, காலண்டரில் காலியிடம் தேடி, வகுப்பை நகர்த்தி, பதிலும் அனுப்பும். படிக்க, எழுத, அழிக்க முழு உரிமை கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அம்மா தயங்குகிறார். உங்கள் கருத்து?

தொடுவானம்:
தாராளமாகக் கொடுங்கள். நான் வரி ஆலோசகன். எட்டு மாதங்களாக இதே அமைப்பில்தான் வேலை செய்கிறேன். விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ச் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? "நாளை மறுநாள் சாயங்காலம்", "அந்த வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன்", "வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்" என்றுதான் மனிதர்கள் எழுதுவார்கள். படிவத்தை நிரப்பு என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அவர்களைக் களைப்படைய வைத்திருக்கிறோம். மக்கள் பேசுகிறபடியே பேசவிட்டு, அதைக் கணினி புரிந்துகொள்வது பெரிய நன்மை. பாதி வழியில் நிறுத்தினால் அம்மாவின் இரவு வேலை அப்படியேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தில் மாணவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குத்தான் நம் விருப்பப்படி பதில் எழுதலாம். அதற்குப்பின் வாட்ஸ்அப்பிடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தி மட்டுமே போகும்.

எண்ணும் எழுத்தும்:
வீணைவீடு, உங்கள் அம்மாவின் தயக்கம் சரி. தொடுவானம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். செய்தியைப் புரிந்துகொள்ள மொழி மாதிரியை வையுங்கள். காலண்டரில் எழுதும் உரிமையை அதனிடம் கொடுக்காதீர்கள்.

காரணம் இது. காலண்டர் உங்களுடையது என்றாலும் அதில் இருக்கும் எழுத்தெல்லாம் உங்களுடையது அல்ல. அழைப்பிதழ் அனுப்பி அதில் யாரும் எதையும் எழுதிவைக்க முடியும். 2025 ஆகஸ்டில் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகம், டெக்னியான் பல்கலைக்கழகம், சேஃப்பிரீச் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். கூகுள் காலண்டர் அழைப்பிதழின் தலைப்பில் கட்டளைகளை ஒளித்து அனுப்பினார்கள். காலண்டரின் சொந்தக்காரர் கூகுளின் ஏ.ஐ. உதவியாளரான ஜெமினியிடம் தன் வாரத்து நிகழ்ச்சிகளைச் சுருக்கிச் சொல்லச் சொன்னார். பிறகு இயல்பாக ஒரு நன்றி சொன்னார். உடனே ஜெமினியோடு இணைந்திருந்த வீட்டு விளக்குகள் அணைந்தன, சன்னல் மறைப்புகள் திறந்தன. அவர் அந்த அழைப்பிதழை ஏற்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இந்த வகைத் தாக்குதலுக்கு 2022லேயே சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர் வைத்துவிட்டார். மொழி மாதிரிக்கு உங்கள் கட்டளையும் எழுத்து, வந்த செய்தியும் எழுத்து. இரண்டையும் உறுதியாகப் பிரித்துப் பார்க்கும் சுவர் அதனுள் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றின் கையில் 34 குழந்தைகளின் கைப்பேசி எண், வகுப்பு இணைப்பு, செய்தி அனுப்பும் வழி மூன்றையும் சேர்த்து வைக்காதீர்கள்.

தொடுவானம்:
அந்த ஆய்வை நானும் படித்தேன். ஆய்வாளர்கள் முன்னதாகவே கூகுளிடம் தெரிவித்தார்கள், கூகுளும் தடுப்புகளைச் சேர்த்தது. அதை விட்டுவிட்டீர்கள். காலண்டரிலும் தெரிந்தவர் அனுப்பும் அழைப்பை மட்டும் தானாகச் சேர்க்கும் அமைப்பு இருக்கிறது. வீணைவீட்டுக்குச் செய்தி அனுப்புபவர்கள் 34 குடும்பங்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். வீணை ஆசிரியரின் காலண்டரை யார் தாக்கப்போகிறார்கள்? வங்கிக்குப் போடும் பூட்டைப் பூக்கடைக்கும் போடச் சொல்கிறீர்கள்.

எண்ணும் எழுத்தும்:
தாக்குபவர் யாரும் வேண்டாம். தவறாகப் புரிந்துகொண்டாலே போதும். இந்த 2025ஆம் ஆண்டு அக்டோபர் 2 விஜயதசமி. புதிய குழந்தைகளுக்கு அன்றுதான் முதல் பாடம் தொடங்குவார்கள். டொராண்டோவிலிருந்து ஒருவர் "விஜயதசமி காலையில் முதல் பாடம் வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதுகிறார். எந்த ஊர்க் காலை? மயிலாப்பூரில் வியாழன் காலை ஏழு மணி என்றால் அங்கே புதன் இரவு ஒன்பதரை. அவர்கள் ஊரில் வியாழன் காலை எட்டு என்றால் இங்கே மாலை ஐந்தரை. இரண்டுமே பொருந்துகிற விடைகள். மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நம்பிக்கையோடு எழுதி, பணிவாகப் பதிலும் அனுப்பிவிடும். குழந்தை பட்டுப்பாவாடை கட்டி வீணை முன் உட்கார்ந்திருக்கும்போது மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து:
இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது டொராண்டோவில். வேறொரு ஆசிரியரிடம் மகளைச் சேர்த்திருக்கிறேன். எங்களுக்கு மார்ச்சில் இதேபோல் நடந்தது. 2025 மார்ச் 9 அன்று கோடை நேரத்துக்காக எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனது. லண்டன் மார்ச் 30 வரை மாறவில்லை. இந்தியாவோ மாறுவதே இல்லை. அந்த மூன்று வாரங்களும் குழப்பம். காலண்டரில் ஒரு நேரம், தானாக வந்த நினைவூட்டலில் இன்னொரு நேரம். மகள் இரண்டு சனிக்கிழமைகள் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆசிரியர் தன் பக்கம் காத்திருந்து, நாங்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார். அந்த வருத்தம் தீர வெகுநாள் ஆயிற்று.

யார் கையால் மாற்றினாலும் எனக்குச் சரி. இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். பெற்றோர் கேட்பது அவ்வளவுதான்.

எண்ணும் எழுத்தும்:
சகோதரி, நீங்கள் சொன்னதன் வேர் ஒரு சிறிய இடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வகுப்பு எந்த நேர மண்டலத்தில் பதிவாகிறது என்பதே கேள்வி. 'ஆசியா/கொல்கத்தா' என்று பதிந்தால் இங்கே எப்போதும் மாலை ஆறு. டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை ஏழரை, கோடையில் எட்டரை. 'அமெரிக்கா/டொராண்டோ' என்று பதிந்தால் அங்கே எப்போதும் ஏழரை. கோடையில் ஆசிரியர் மாலை ஐந்துக்கே உட்கார வேண்டும். யாருக்காக யார் நகர்வது என்று இரு வீடும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. தீர்ந்தபின் வரும் கணக்கை, ஊர்தோறும் உள்ள கடிகார விதிகளைச் சேர்த்துவைத்த நேர மண்டலத் தரவுத்தளம் பிழையில்லாமல் போடும். அந்தக் கணக்கை மொழி மாதிரியிடம் கொடுக்கவே கூடாது. மணிக்கணக்கைக்கூட அது சொற்களைப்போல ஊகித்துத்தான் எழுதுகிறது.

தொடுவானம்:
இதை முழுமையாக ஏற்கிறேன். என் அமைப்பிலும் நேரக் கணக்கு தனி நிரலில்தான் இருக்கிறது. ஆனால் இது ஏ.ஐ.க்கு எதிரான வாதம் இல்லை. ஸ்கார்பரோ சகோதரிக்கு நடந்ததே வெறும் விதிகள் செய்த தவறாக இருக்கலாம்.

பழைய வாத்தியார்:
நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நுட்பம் எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை மூன்று முறை வகுப்பை மாற்றக் கேட்டால் அதில் ஆசிரியருக்கு ஒரு செய்தி இருக்கிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, பணம் கட்ட முடியவில்லை, அல்லது பாடம் கசந்துவிட்டது. "ஞாயிறு முடியுமா?" என்று கேட்பவரின் தயக்கத்தை ஆசிரியர் காதால் கேட்க வேண்டும். நீங்கள் அதை வழியிலேயே மடக்கி வெறும் நேரமாக மாற்றிவிடுகிறீர்கள். காலண்டர் ஒழுங்காக இருக்கும், பிள்ளை நின்றுவிட்டதோ ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். என்னைக் கேட்டால் இந்த இணைப்பே வேண்டாம். இரவு பத்து மணி வேலைதான் கவலை என்றால் மகன் உட்கார்ந்து ஏற்றிக்கொடுக்கட்டும்.

வீணைவீடு:
ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே ஒரு மாணவியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் ஜூலையில் நான்கு முறை மாற்றினாள். நான்காம் முறை அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசியதால்தான் அவள் இன்றும் வாசிக்கிறாள். ஆகவே முழு உரிமை என்ற என் முதல் எண்ணத்தைக் கைவிடுகிறேன். என்னால் தினமும் ஏற்றித்தர முடியாது, எனக்கு இரவுப்பணி. அதனால் இணைப்பையே கைவிடவும் முடியவில்லை.

வார இறுதியில் இப்படி மாற்றி அமைத்தேன். மாதிரி செய்தியை மட்டும் படிக்கும். யார், எந்த வகுப்பு, எந்த நாள், எந்த ஊர் நேரம் என்று நான்கு விடைகளை நிரப்பும். எது தெளிவாக இல்லையோ அதைக் காலியாக விட வேண்டும். காலி இருந்தால் மாணவரிடம் கேள்வி போகும். காலண்டருக்கான சாவி அதனிடம் இல்லை. காலியிடம் தேடுவது தனி நிரல். அதற்கும் எந்த நேரம் காலி, எந்த நேரம் இல்லை என்பதை மட்டும் காட்டும் உரிமையே கொடுத்திருக்கிறேன். அம்மாவின் மருத்துவர் சந்திப்பு போன்ற தலைப்புகள் வெளியே போகாது. கடைசியில் அம்மாவின் கைப்பேசிக்கு "சரி", "வேண்டாம்", "நான் பேசுகிறேன்" என்று மூன்று பொத்தான்கள் வரும். மூன்றாவது பொத்தான் வாத்தியார் ஐயாவுக்காக வைத்தது. 30 நாளில் மூன்றாம் மாற்றம் என்றால் அந்தப் பொத்தானே முதலில் நிற்கும்.

சோதனையில் ஒரு பிழை செய்தேன், மற்றவர்களுக்கு உதவலாம் என்று சொல்கிறேன். என் நிரல் காலண்டரை மாற்றியதும் "காலண்டர் மாறியது" என்ற அறிவிப்பு அதே நிரலுக்குத் திரும்பி வந்தது. அதைப் புதிய மாற்றமாக எடுத்துக்கொண்டு மறுபடி எழுதியது. சில நிமிடங்களில் ஒரே வகுப்புக்கு எனக்கு 19 நினைவூட்டல்கள். நல்லவேளையாகச் சோதனைக் கணக்கு.

எண்ணும் எழுத்தும்:
உங்கள் நிரல் எழுதும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மறைவான ஓர் அடையாளம் வையுங்கள். கூகுள் காலண்டர் ஏபிஐயில் (நிரல்கள் காலண்டரோடு பேசும் வழி) அதற்கான தனி இடம் இருக்கிறது. அந்த அடையாளத்தோடு வரும் மாற்றத்தைத் தள்ளிவிடுங்கள். இன்னொன்று: அந்த அறிவிப்பு ஏதோ மாறியது என்றுதான் சொல்லும், என்ன மாறியது என்று சொல்லாது. முன்பு பெற்ற ஒத்திசைவுக் குறியை (கடைசியாக எதுவரை பார்த்தோம் என்று காட்டும் குறி) கொடுத்து நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். அறிவிப்பு வாய்க்காலுக்கும் ஆயுள் உண்டு, புதுப்பிக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

தொடுவானம்:
நல்ல அமைப்பு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பொத்தான்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. நானும் முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டேன். மூன்றாம் வாரத்திலேயே படிக்காமல் "சரி" அழுத்தத் தொடங்கிவிட்டேன். ஒரு நாள் தவறான ஆளின் சந்திப்பை ரத்து செய்ததும் அப்படித்தான். தினமும் ஆறு முறை கேட்டால் யாருடைய கவனமும் தேயும், அறுபத்தெட்டு வயதில் இன்னும் வேகமாக. மனிதர் பார்த்தார் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். எளிய மாற்றங்களைக் கேட்காமலே செய்யவிடுங்கள்.

எண்ணும் எழுத்தும்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் அலுவலகத்திலும் இதே தேய்மானத்தைப் பார்த்திருக்கிறேன். அதே வாரத்துக்குள், காலியிடத்துக்கு, பதிவான எண்ணிலிருந்து வரும் மாற்றம் என்றால் தானாக நகரட்டும். ஆனால் அந்த மூன்று நிபந்தனைகளையும் நிரல்தான் சரிபார்க்க வேண்டும், மாதிரி அல்ல. ரத்து மட்டும் எப்போதும் அம்மாவிடம் போகட்டும்.

தொடுவானம்:
ரத்தையும் விட்டுவிடலாம் என்பேன், இரண்டு மணி நேரத்துக்குள் மீட்கும் வழி இருந்தால்.

எண்ணும் எழுத்தும்:
ரத்து என்று செய்தி போனதும் அந்த வீட்டில் வேறு வேலை தொடங்கிவிடும். காலண்டரை மீட்கலாம், அவர்களுடைய மாலையை எப்படி மீட்பது? இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

வீணைவீடு:
ரத்து அம்மாவிடமே இருக்கும். அதே வார மாற்றத்தை மட்டும் நவம்பர் 2க்குப் பிறகு தானாக விடுகிறேன். அக்டோபர் 26இல் லண்டனும் நவம்பர் 2இல் டொராண்டோவும் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புகின்றன. அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்கார்பரோ அம்மா, எல்லாச் செய்தியிலும் இரண்டு ஊர் நேரமும் கிழமையோடு வரும்படி இன்றே மாற்றிவிட்டேன்.

விஜயதசமிக்கு ஏற்கெனவே நான்கு பேர் எழுதிவிட்டார்கள். நான்கிலும் "எந்த ஊர் நேரம்" என்ற இடத்தை மாதிரி காலியாகத்தான் விட்டிருக்கிறது. கேள்வியை அனுப்பப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். முதல் பாடத்துக்குத் தானே கூப்பிட்டுப் பேசுவாராம்.