‘தே-ச்சி’க்குத் தமிழில் ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம். அக்குபங்சர் ஆய்வுகளில் நோயாளிகளிடம் கொடுக்கும் வினாத்தாளைத் தமிழாக்குகிறோம். ஊசி இறங்கியபின் தோன்றும் தனி உணர்வைச் சீனத்தில் ‘தே-ச்சி’ என்கிறார்கள். இதற்குச் ‘சக்தி பெறுதல்’ பொருந்துமா?

———

> ‘சக்தி பெறுதல்’ பொருந்துமா?

ஐயா, சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் ‘சக்தி பெற்றீர்களா?’ என்று கேட்டால், உடம்பில் தெம்பு வந்ததா என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது ஊசி நிற்கும் இடத்தில் என்ன தெரிகிறது என்பது.

சீனர் இதை நான்காகப் பிரிக்கிறார்கள். நான்குக்கும் நம்மிடம் வீட்டுச் சொற்களே இருக்கின்றன. ‘சுவான்’ என்பது உளைச்சல். நாள் முழுக்க நடந்தபின் கெண்டைக்காலில் இருக்குமே, அது. ‘மா’ மரமரப்பு. ‘ஜாங்’ உள்ளிருந்து புடைப்பது போன்ற விம்மல். ‘ஜோங்’ கனப்பு.

‘வலி’ என்ற சொல்லை இங்கே நுழையவிடக் கூடாது. தோலைத் துளைக்கையில் சுருக்கென்று வருவது குத்துவலி, அது வேறு. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து 2 சுன் மேலே (ஒரு சுன் நோயாளியின் கட்டைவிரல் அகலம்), இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ‘நெய்குவான்’ புள்ளி (ஊசி போடுவதற்கென்று அக்குபங்சரில் குறித்த இடம்) இருக்கிறது. அதன் அடியில் நடுநரம்பு ஓடுகிறது. அதில் முனை பட்டால் ஷாக் அடித்தாற்போல் விரல்வரை பாயும், அது நரம்பதிர்வு. உடனே ஊசியைச் சற்று வெளியே இழுத்துத் திசை மாற்ற வேண்டும், சுழற்றவே கூடாது. இவை எல்லாவற்றையும் ‘வலி’ என்று ஒரே கட்டத்தில் போட்டால், அளக்க வந்தது தொலைந்துபோகும்.

‘ஊசியுளைவு’ என்று முன்மொழிகிறேன்.

———

அம்மா, ‘ஊசியுளைவு’ அருமை. ஆனால் அது நோயாளியின் பக்கம் மட்டுமே. தே-ச்சியை ஊசி போடுபவரின் விரலும் உணர்கிறது. தூண்டிலை மீன் கவ்வி இழுப்பதுபோல் என்று பழைய சீன நூல் சொல்கிறது. அதுவரை தளர்ந்து நின்ற ஊசியைத் திசு கவ்விக்கொள்கிறது.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2001இல் ஆய்வாளர் ஹெலன் லாங்ஜெவின் குழு, ஊசியை வெளியே இழுக்கத் தேவைப்படும் விசையை 60 பேரிடம் அளந்தது. சுழற்றாத ஊசியோடு ஒப்பிட்டால், இருபுறமும் மாற்றி மாற்றிச் சுழற்றியபோது 52 விழுக்காடு கூடியது. ஒரே திசையில் சுழற்றியபோது 167 விழுக்காடு. தக்கிளியில் நூல் சுற்றுவதுபோல் இணைப்புத்திசுவின் இழைகள் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். புள்ளிக்கும் புள்ளியல்லாத இடத்துக்கும் இருந்த வேறுபாடு 18 விழுக்காடுதான். ஆகவே ‘புள்ளி திறத்தல்’ போன்ற பெயர்கள் வேண்டாம்.

வேர் பிடிக்கிறது, நங்கூரம் பிடிக்கிறது என்கிறோமே. இது ‘ஊசிப்பிடி’.

———

> ஊசிப்பிடி

ஊசி வெளியே வராமல் மாட்டிக்கொள்வதும் இதில் அடங்குமா?

———

அடங்காது. அது ‘ஊசிச்சிக்கல்’. ஒரே திசையில் அளவுமீறிச் சுழற்றினாலோ தசை இறுகினாலோ நேர்வது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சில நிமிடம் விட்டு, சுற்றிலும் மெல்லத் தட்டி, எதிர்த்திசையில் திருப்பி இழைகளை அவிழ்த்தபின் எடுக்க வேண்டும். நோயாளி அசைந்ததால் ஊசி வளைந்திருந்தால், முதலில் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வளைந்த ஊசியைச் சுழற்றவே கூடாது.

வரையறை எழுதும்போது ஒன்றில் கவனம் தேவை. ‘குணமாவதன் அறிகுறி’ என்று எழுதிவிடாதீர்கள். 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1162 பேர் இருந்தனர். ஆறு மாதத்தில் அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான சிகிச்சையில் 27.4. ஆனால் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தி, உளைவு வராமல் விட்ட போலி ஊசியிலும் 44.2! ஊசி போடுவதால் பயன் கிடைத்திருக்கிறது. அந்தப் பயன் உளைவால்தான் வந்தது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

ஊசியுளைவு: குத்தூசி நிற்கும் இடத்தில் நோயாளி உணரும் உளைச்சல், மரமரப்பு, விம்மல், கனப்பு. குத்துவலியும் நரம்பதிர்வும் சேரா.

ஊசிப்பிடி: சுழற்றும்போது திசு ஊசியைக் கவ்வுவது, ஊசி போடுபவரின் விரலுக்குத் தெரிவது.