அரசியல் வகுப்பில் வேடமேற்று விவாதம்: பாத்திரத்தைக் குலுக்கிக் கொடுப்பதா, ஆசிரியர் கொடுப்பதா?

கூக்கல்தொரை:
"பாத்திரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள், விவாதம் தானாக நடக்கும்" என்று இந்த ஆசிரியர் குழுவில் பூம்பாறை (இங்கே எல்லாரும் ஊர்ப் பெயரில்தான் எழுதுகிறோம்) எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எதுவும் தானாக நடக்காது. நீலகிரி மசினகுடிப் பக்கம் யானை போகும் வழியில் இருக்கும் விடுதிகளையும் வீடுகளையும் பற்றிய சேகூர் யானை வழித்தட வழக்கை எடுங்கள். 2010 அரசாணை, 2011 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 14.10.2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதன்பின் நிலக்காரர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் மூவர் குழு. அந்தக் குழுவின் விசாரணையைத்தான் வகுப்பில் நடத்த வேண்டும். 60 பேர் என்றால் அணிக்குப் பத்து, ஆறு அணி: வனத்துறை, விடுதி உரிமையாளர், மசினகுடி சிறு வீட்டுக்காரர், ஜீப் ஓட்டுநர், இருளர் ஊர்ச்சபை, விசாரணைக் குழு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கத் தாள்: என்ன வேண்டும், எதை விட்டுத்தரவே முடியாது, எந்த ஆவணத்தைக் காட்டிப் பேசலாம். யாருக்கு எது என்று ஆசிரியர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். குலுக்கினால் வாய் திறக்காத பத்துப் பேர் விசாரணைக் குழுவில் உட்காருவார்கள். கேள்வி கேட்க ஆளில்லாத விசாரணை பத்தே நிமிடத்தில் படுத்துவிடும்.

பூம்பாறை:
ஆசிரியர் யோசித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா சார்? நன்றாக இங்கிலீஷ் பேசும் பிள்ளை நீதிபதி. இருளர் வீட்டுப் பையன் இருளர். அவன் வேடம் போடவில்லை, அவனைக் காட்சிக்கு வைக்கிறீர்கள். தன் கருத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பேச வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். தன் கட்சியையே பேச டீக்கடை போதும். அதனால்தான் குலுக்கல்.

கூக்கல்தொரை:
குலுக்கலில் அதே பையனுக்கு வனத்துறை வந்தால்? சொந்த ஊரைக் காலிசெய் என்று அறுபது பேர் முன்னால் அவன் வாதாட வேண்டும். அதைப் பயிற்சி என்பீர்களா? ஆசிரியர் கொடுத்தால் அவனை விசாரணைக் குழுவில் உட்கார வைக்கலாம். எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்கும் இடம் அது. சீட்டுக்கு இந்த யோசனை வராது.

மஞ்சூர்:
இரண்டு பேரும் நேரத்தை மறந்துவிட்டீர்கள். அணிக்கு மூன்று நிமிடம் தொடக்கப் பேச்சு, இரண்டு நிமிடம் கேள்வி என்றாலே 30 நிமிடம் போச்சு. 50 நிமிட வகுப்பில் மிச்சம் 20, அதுவும் பேரம் பேசவே போதாது. அடுத்தடுத்து இரண்டு வகுப்பு வாங்காமல் தொடங்கவே கூடாது. கடைசி 25 நிமிடம் வேடத்தைக் கலைத்துப் பேசுவதற்கு. முதலில் "உன் பாத்திரம் எதை இழந்தது?", பிறகு "உன் சொந்தக் கருத்து என்ன?", அதன்பின் "எந்தச் சட்டம் உன் கையைக் கட்டியது?" இந்த வரிசை மாறக்கூடாது. இதை விட்டால் கோபம் அப்படியே வராண்டாவுக்குப் போய்விடும்.

கூக்கல்தொரை:
நேரத்தைத் தின்பதே குலுக்கல்தான். சீட்டைப் பிரிப்பது, "எனக்கு இது வேண்டாம், மாற்றிக்கொள்கிறேன்" என்று கெஞ்சுவது, தோழிகள் ஒரே அணிக்கு நகர்வது. பத்து நிமிடம் காலி.

பூம்பாறை:
வகுப்பு நடக்கும் அன்று குலுக்கச் சொன்னேனா? ஒரு வாரம் முன்பே குலுக்கலாமே! நான் எழுதியதைப் படிக்காமலே பதில் எழுதுகிறீர்கள். போன மாதம் வினாத்தாள் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் செய்தீர்கள்.
மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகள் இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸை வைத்து நடத்திப் பாருங்கள். 2025இல் உயர் நீதிமன்றம் போட்ட உச்சவரம்பு கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. தங்கும் விடுதி, டாக்சி ஓட்டுநர், நகராட்சி, தோட்டக்கலை விவசாயி, காவல்துறை எல்லாரும் ஒரே எண்ணைச் சுற்றிப் பேரம் பேசுவார்கள். எண் இருந்தால் வெற்றுப் பேச்சு குறையும். எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பாத்திரமும் பொருந்தும். குலுக்கலுக்கு இதைவிடத் தோதான விஷயம் இல்லை.

தேவர்சோலை:
ஊட்டியும் கொடையும் சுற்றுலா வண்டியைத் தாண்டி யோசிக்காதா? கூடலூரில் ஜன்மம் என்ற பழைய பரம்பரை நில உடைமையை ஒழிக்க வந்த 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டம் இருக்கிறது, குத்தகைத் தோட்டங்களுக்கான 17ஆம் பிரிவு இருக்கிறது. நிலம் யாருடையது என்ற அரசியல் அதில்தான். இன்னொன்று, பூம்பாறை மேடம் சென்ற வாரம் போட்ட வன உரிமைக் கிராமசபைத் தாளில் கோரம், அதாவது சபை செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மூன்றில் இரண்டு என்று இருக்கிறது. அது பழைய விதி. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாதி. வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 60 பேர் சபை என்றால் 30 பேர், அதில் 10 பெண்கள். உரிமைக் கோரிக்கை மீது தீர்மானம் என்றால் கோரியவர்களில் அல்லது அவர்களுடைய பிரதிநிதிகளில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். பழைய விதியைப் படித்துவிட்டு மாணவர் தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணை யார் தருவார்?

பூம்பாறை:
இங்கே பேச்சு கோரம் பற்றியதா, குலுக்கல் பற்றியதா?

கூக்கல்தொரை:
தாளே தப்பு என்றால் குலுக்கி என்ன, குலுக்காமல் என்ன!
எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். விடுதி உரிமையாளர் சினிமா வில்லன் ஆகிறார், பழங்குடிப் பாத்திரம் கைகூப்பி அழுகிறது. தாளில் "இவர் எதற்குப் பயப்படுகிறார்" என்ற வரி இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். விடுதிக்காரருக்கு வங்கிக் கடன், வேலையாட்கள், வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த பட்டா. இவ்வளவும் தாளில் வேண்டும். இரண்டாவது, பேச்சுக்கு மதிப்பெண். போட்டால் கத்தல்தான் மிஞ்சும். தயாரிப்புக் குறிப்புக்குப் பாதி, விவாதம் முடிந்து தன் பெயரில் எழுதும் ஒரு பக்கத்துக்குப் பாதி, பேச்சுக்குச் சுழியம். மூன்றாவது, அணிக்கு ஒரே பேச்சாளர். அப்படி விட்டால் மற்ற ஒன்பது பேர் போனைப் பார்ப்பார்கள். தொடக்கப் பேச்சு ஒருவர், கேள்வி இருவர், குறிப்பெடுப்பு இருவர், பேரம் மூவர், ஆவணம் தேட இருவர். இத்தனை வேலையையும் ஆளறிந்து பிரிக்க வேண்டியவர் ஆசிரியர். இதைச் சீட்டு பிரிக்குமா?

மஞ்சூர்:
விசாரணைக் குழு தமிழில் கேட்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதுங்கள். தீர்ப்பு இங்கிலீஷில் இருப்பதால் குழு இங்கிலீஷுக்குத் தாவும், ஜீப் ஓட்டுநர் அணி அத்தோடு மௌனமாகிவிடும். தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு ஆசிரியரே எழுதித்தர வேண்டும்.

பூம்பாறை:
மஞ்சூர் அண்ணா சொல்வது சரி, ஆனால் குலுக்கலுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அணிக்குள் வேலையை ஆசிரியர் பிரிக்கட்டும், யார் தடுத்தது? எந்த அணி என்பதைச் சீட்டு சொல்லட்டும். ஆசிரியர் கையில் அதைக் கொடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் அதே முகங்கள்தான் நீதிபதி நாற்காலியில்.

கூக்கல்தொரை:
அது அந்த ஆசிரியரின் குறை. அதற்காக முறையைச் சீட்டிடம் ஒப்படைக்க முடியாது. பட்டியல் வைத்து முறை மாற்றிக் கொடுக்கட்டும். இந்தப் பருவத்தில் நீதிபதி என்றால் அடுத்ததில் ஜீப் ஓட்டுநர். குலுக்கல் வேண்டாம்.

பூம்பாறை:
பட்டியலை எழுதுவதும் அதே ஆசிரியர்தானே? குலுக்கல்தான்.

தேவர்சோலை:
17ஆம் பிரிவைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடலூர் என்றால் எப்போதும் இப்படித்தான்.

கூக்கல்தொரை:
ஆறு தாளையும் நாளை இங்கே போடுகிறேன். பூம்பாறை அவற்றைக் குலுக்கியே கொடுக்கட்டும், ஜீப் ஓட்டுநர் அணிக்கு 2011 தீர்ப்பைப் படித்துச் சொல்ல யார் கிடைக்கிறார்கள் என்று பார்ப்போம்.