புதிதாக ஆலைப் பொறுப்பேற்றவருக்கு எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங் எந்த வகையில் உதவும்?

கேள்வி (கங்கைகொண்டானிலிருந்து):

வணக்கம். கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தேன். சென்ற தை மாதம் முழு ஆலையின் பொறுப்பும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது சென்னைத் தலைமை அலுவலகம் ஆறு மாதங்களுக்கு எனக்கு ஒரு எக்ஸிக்யூட்டிவ் கோச்சை, அதாவது உயர் பொறுப்பில் இருப்பவரோடு தனியாகப் பேசி அவர் வேலையை மேம்படுத்த உதவும் பயிற்சியாளரை, ஏற்பாடு செய்திருக்கிறது. என் வேலையில் குறை கண்டுதான் இதைச் செய்கிறார்களோ என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்தவர், நான் இன்றும் அண்ணாச்சி என்று அழைப்பவர், இப்போது எனக்குக் கீழே உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறார். அவரிடம் ஒரு தவறைச் சுட்டிக்காட்ட எனக்கு நா எழுவதில்லை. அவரும் முன்போல் என்னிடம் மனம்விட்டுப் பேசுவதில்லை. நம் ஊர்ப் பழக்கம் அறியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து இதற்கு என்ன செய்துவிட முடியும்? அவரிடம் நான் சொல்வதெல்லாம் மேலிடத்துக்குப் போய்விடுமா?

மறுமொழி 1 (பாளையங்கோட்டை, மனிதவளத் துறை):

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முறையான கோச்சிங் தொடங்கும் முன் நீங்கள், உங்கள் மேலதிகாரி, கோச் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து இலக்குகளைப் பேசி முடிவு செய்வது வழக்கம். அந்த இலக்குகளும், சந்திப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே பேசியது தெரியக்கூடாது. இதை அந்த முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

மறுமொழி 2 (கோவில்பட்டி, ஓய்வுபெற்ற ஆலை மேலாளர்):

தம்பி, நான் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து, பிறகு மேலாளராகி ஓய்வு பெற்றவன். மேலாளரான இரண்டாம் ஆண்டில் எனக்கும் ஒரு கோச் அமர்த்தப்பட்டார். உங்களுக்கு இருக்கும் அதே உறுத்தலோடு, முதல் இரண்டு சந்திப்புகளில் பட்டும் படாமலும்தான் பேசினேன்.

மூன்றாவது முறை வந்தபோது, எங்கள் காலைக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அவர் அனுமதி கேட்டார். நாற்பது நிமிடக் கூட்டம் அது. முடிந்ததும் தம் குறிப்பேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். எனக்கு நேரே 31 நிமிடம் என்று இருந்தது. அதன் கீழே, மின்பிரிவுப் பொறுப்பாளர் இரண்டு முறை வாயெடுத்தார் என்றும், இரண்டு முறையும் அவர் பேச்சை நானே முடித்துவைத்தேன் என்றும் எழுதியிருந்தார். அறிவுரையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அவர் என்ன சொல்ல வந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு முழுவதும் அந்தத் தாள்தான் என் கண்முன் நின்றது.

ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது எங்கள் பக்கம் காற்றில் ஈரம் வற்றி, நூல் அறுபடுவது கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவு ஷிஃப்டில் அறுபடல் கூடினால் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்வார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ரிங் ஃப்ரேம் என்னும் நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பேன். அதுதான் பொறுப்பு என்று நம்பியிருந்தேன். கோச்சுடன் பேசி முடிவெடுத்தபடி, அந்த ஆண்டு நள்ளிரவில் போன் வந்தபோது, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். நெடுநேரம் இயந்திர இரைச்சல் மட்டுமே கேட்டது. பிறகு, ஈரப்பதம் கொடுக்கும் நாசில்கள் சில அடைத்திருப்பதாகத் தெரிகிறது, கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். செய்யுங்கள் என்றேன். விடியும் முன்பே அறுபடல் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டது. அவருக்கு அந்த வேலை முன்பே தெரியும். அதைச் சொல்ல நான்தான் அவருக்கு இடம் கொடுத்ததில்லை.

மறுமொழி 3 (தென்காசி, கோச்சாகப் பணிபுரிபவர்):

சறுக்கிய அதிகாரிகளைச் சரிசெய்வதற்கே கோச்சை அழைத்த காலம் ஒன்று இருந்தது. உங்கள் ஐயம் அங்கிருந்து வருவது. இப்போது பெரும்பாலும் பதவி உயர்ந்தவர்களுக்கும் உயரப் போகிறவர்களுக்குமே ஏற்பாடு செய்கிறார்கள். கூகுளின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட், கோச் வைத்துக்கொள்ளுமாறு தமக்குச் சொல்லப்பட்டபோது முதலில் மனத்தாங்கல் கொண்டதாகவும், பிறகு தமக்குக் கிடைத்த சிறந்த அறிவுரை அதுவே என்று உணர்ந்ததாகவும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கோச்சாக இருந்த பில் கேம்ப்பெல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர்.

உங்கள் தொழிலை உங்களைவிட நன்றாக அறிந்தவராகக் கோச் இருக்க வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பழுது பார்த்தே பெயர் வாங்கிய ஒருவர் ஆலைத் தலைவரானதும், பழகிய கை தானாகவே ஸ்பேனரைத் தேடிப் போகும். அதைச் சொந்த ஊழியர்கள் சொல்ல மாட்டார்கள். மேலதிகாரி மாதம் ஒரு முறை கணக்கைப் பார்ப்பவர், அவர் கண்ணில் அது படாது. உங்கள் சம்பளத்திலோ, உறவிலோ, ஊரிலோ பங்கில்லாத ஒருவர்தான் அதை உங்கள் முன் எடுத்துவைக்க முடியும். அண்ணாச்சியிடம் எப்படிப் பேசுவது என்று கோச் சொல்லித்தர மாட்டார். எந்தச் சொல்லைச் சொல்ல அஞ்சுகிறீர்கள், அவர் எதை இழந்ததாக உணர்கிறார் என்று கேட்டுக்கேட்டு, உங்களிடமிருந்தே வழியை வரவழைப்பார்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று: தமிழில் பேசும் கோச்சைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதலாம், ஆனால் அண்ணாச்சி என்ற சொல்லில் இருக்கும் பாரத்தை ஆங்கிலத்தில் இறக்கிவைக்க முடியாது. தகுதியையும் விசாரியுங்கள். 1995-இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று நிலைகளில் சான்று தருகிறது; அவற்றுக்குக் குறைந்தது 100, 500, 2,500 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையையோ சம்பளச் சிக்கலையோ கோச்சிங் தீர்க்காது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்வதே சரி.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. கோவில்பட்டி அண்ணாச்சி எழுதியதைப் படித்தபின் காத்திருக்க மனம் வரவில்லை. நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் கேண்டீனில் எங்கள் அண்ணாச்சியுடன் உட்கார்ந்து, நான் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தம்பி, மெஷின் நின்றதும் நீங்கள் ஓடி வந்துவிடுகிறீர்கள், அதன் பிறகு பையன்கள் கை வைக்கப் பயப்படுகிறார்கள்” என்றார். மூவர் கூட்டம் அடுத்த புதன்கிழமை நடக்கிறது. முதல் இலக்காக அதையே எழுதிவைத்திருக்கிறேன்; தமிழ் பேசும் கோச் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கும் இன்று காலை எழுதிவிட்டேன்.