லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி முழுக்க அவருக்கு நினைவே இல்லை. மூளைக்கு என்ன ஆகியிருக்கும்?

கரூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். லடாக் போய்த் திரும்பி இன்றோடு 24 நாள் ஆகிறது. வீட்டில் பேசினால் சண்டையாகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 48 வயது. ஜவுளிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது, தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர். ஒரு டூர் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த ஏழு நாள் பேக்கேஜில் போனோம். டெல்லியிலிருந்து விமானத்தில் லே. அன்று ரூமில் ஓய்வு. மறுநாளே கர்துங் லா கணவாய் ஏறி இறங்கி நூப்ரா பள்ளத்தாக்கில் தங்கல். மூன்றாம் நாள் ஷ்யோக் ஆற்றோரமாகவே பாங்காங் ஏரி.

ஏரிக்குப் போனதிலிருந்தே தலைவலி என்றார். ராத்திரி தாலும் சோறும் இரண்டு வாய் சாப்பிட்டதோடு சரி, அதையும் வாந்தி எடுத்துவிட்டார். "கேஸ்தான், தூங்கினா சரியாயிடும்" என்று படுத்தார். இரண்டு மணி இருக்கும், விழித்துப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து பையைக் குடைந்துகொண்டிருக்கிறார். என்னங்க என்றேன். "பஸ் வந்துருச்சு, டிக்கெட்டை எங்கே வெச்சே?" என்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

காலையில் இடது கால் ஷூவை வலது காலில் போட முயன்றுகொண்டே இருந்தார். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். லேஸின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்தார். டென்ட்டை விட்டு வெளியே வந்தபோது காலை அகட்டி அகட்டி வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்.

லடாக்கி டிரைவர் ஒரு பார்வை பார்த்தார். "சார் தனக்கு ஒண்ணுமில்லைங்கறாரே" என்றேன். "அவரைக் கேக்காதீங்க மேடம், நீங்க என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க" என்று இந்தியில் சொன்னார். ஐந்து நிமிடத்தில் வண்டியை எடுத்துவிட்டார். வழியில் ஒரு சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த சிலிண்டரோடுதான் சாங் லா தாண்டி லே வந்தோம். அங்கே மூன்று நாள் ஆஸ்பத்திரி.

அவருக்கு ஏரிக்கரையில் சாயங்காலம் போட்டோ எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி ஜன்னல். நடுவில் எதுவும் இல்லை. சொன்னால், "தூக்கம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான், நீ பெரிசு பண்றே" என்கிறார். ஆனால் இப்போதும் பழகிய ஆள் பேருக்கே சில நேரம் யோசிக்கிறார். ஒரு கூட்டலை இரண்டு முறை போட்டுப் பார்க்கிறார். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார்.

அவர் மூளையில் என்ன நடந்தது? அது அப்படியே தங்கிவிடுமா? இன்னொன்று, பையன் அடுத்த வருஷம் மணாலியிலிருந்து பைக்கில் லே போகிறேன் என்கிறான். என்ன சொல்வது அவனுக்கு?

பழைய நர்சிங் அசிஸ்டென்ட்:

தங்கச்சி, அந்த டிரைவர் போன் நம்பர் இருந்தா இன்னொரு தடவை கூப்பிட்டு நன்றி சொல்லுங்க. அவர் கேட்ட கேள்விதான் உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தியிருக்கு.

ராணுவ மருத்துவப் பிரிவில் 22 வருஷம் இருந்தேன், அதில் இரண்டு தடவை லடாக். நீங்க சொல்ற அடையாளத்துக்கு எங்க பாஷையில் ஹேக்கோன்னு பேர். உயரத்தில் மூளை நீர் கோத்து வீங்கறது. டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்காருன்னு பாருங்க. அதையே எழுதியிருப்பார்னு நினைக்கிறேன்.

மேலே காத்துல ஆக்சிஜன் பங்கு குறையறதில்லை, கரூர்லயும் 21 சதவீதம்தான், பாங்காங்லயும் 21தான். குறையறது காத்தோட அழுத்தம். லே 3,500 மீட்டர், அங்கே அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதில் மூணுல ரெண்டு பங்கு. பாங்காங் 4,250 மீட்டர் கிட்ட, அங்கே 60 சதவீதம் சொச்சம். அப்போ ஒவ்வொரு மூச்சுலயும் ரத்தத்துக்குள்ள போற ஆக்சிஜன் குறைஞ்சுபோகுது. மூளை நம்ம எடையில் ரெண்டு சதவீதம்தான், ஆனா நாம இழுக்கற ஆக்சிஜன்ல அஞ்சுல ஒரு பங்கை அதுவே எடுத்துக்குது. பட்டினி தாங்காத உறுப்பு. ஆக்சிஜன் குறைஞ்சதும் மூளையோட ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு அதிக ரத்தத்தை உள்ளே இழுக்கும். அது உடம்பு செய்யற நல்ல காரியம்தான். சிலருக்கு அந்த அழுத்தத்துல குழாய்ச் சுவர்லருந்து நீர் கசிஞ்சு மூளைக்குள்ள தேங்குது. சுத்தி மண்டை ஓடு, வீங்கறதுக்கு இடம் ஏது? எம்ஆர்ஐ எடுத்தா ரெண்டு பாதி மூளையையும் சேர்க்கற நரம்புக் கற்றையோட பின்பக்கத்துல அந்த வீக்கம் தெரியும்.

தலைவலி, வாந்தி, சாப்பாடு பிடிக்காம போறது, இதெல்லாம் முதல் படி. கால் தடுமாறினாலோ பேச்சு மாறினாலோ அது ஹேக்கோ, அங்கேயிருந்து கோமாவுக்கு ஒரே நாள்ல போயிடலாம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை ஒண்ணே ஒண்ணுதான். தரையில் ஒரு கோடு. குதிகாலை அடுத்த கால் கட்டைவிரல்ல ஒட்டி ஒட்டி வெச்சுப் பத்து அடி நடக்கணும். கோட்டை விட்டு விலகினா அந்த ஆளை இறக்கணும், பேச்சே கிடையாது.

ஒரு ஜவான் லீவு முடிஞ்சு வந்தான். கான்வாய் போயிடும்னு தலைவலியை மறைச்சிட்டான். ராத்திரி ரவுண்டு போனப்போ கட்டில்ல உட்கார்ந்து கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கிட்டிருந்தான். மேல் பித்தானை மூணாவது துளையில மாட்டறான், கழட்டறான், மறுபடியும் அதே துளையில மாட்டறான். என்னைப் பார்த்ததும் விறைப்பா உட்கார்ந்து "டீக் ஹூம் சாப்" என்றான். பொய் சொல்லலை தங்கச்சி. நல்லா இருக்கோம்னுதான் அவன் மூளை அவனுக்குச் சொல்லுது. நோய் வந்திருக்கறது எந்த உறுப்புல? தனக்கு நோய் வந்திருக்கான்னு சொல்லவேண்டிய அதே உறுப்புல. ஆக்சிஜனும், வீக்கத்தைக் குறைக்கற டெக்சா ஊசியும் கொடுத்து விடிஞ்சதும் ஹெலிகாப்டர்ல இறக்கினோம். ரெண்டு வாரத்துல நேரா நடந்தான். அந்த ராத்திரி அவனுக்கும் ஞாபகம் இல்லை. அழிஞ்சுபோன ஞாபகம் இல்லை அது, பதிவே ஆகாத ஞாபகம்.

உங்க பேக்கேஜ்ல தப்பு எங்கேன்னா தூங்கற உயரத்துல. நூப்ரா 3,100 மீட்டர் சொச்சம், மறுநாள் ராத்திரி 4,250. ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல. 3,000 மீட்டருக்கு மேல போனா தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாதுங்கறது கணக்கு. ராணுவத்துல முதல் கட்டத்துக்கே ஆறு நாள், 12,000 அடி தாண்டினா இன்னும் நாலு நாள், 15,000 தாண்டினா மறுபடியும் நாலு. இந்தக் கணக்குக்கு எங்க ஆட்கள் உயிரையே விலையாக் கொடுத்திருக்காங்க. 1962 போர்ல சமவெளியிலிருந்து ஜவான்களை விமானத்துல ஏத்தி நேரா உச்சியில இறக்கினாங்க. அந்தச் சமயத்துல நோய்ப்பட்ட 1,925 வீரர்களைப் பத்தி இந்தர் சிங்னு நம்ம ராணுவ டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் எழுதின கட்டுரை 1969ல அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்தது. உலகம் முழுக்க இந்த நோயைப் படிக்கறவங்க இன்னிக்கும் அதைத் தேடிப் படிக்கறாங்க.

தங்கிடுமான்னு கேட்டீங்க. சீக்கிரம் இறக்கினவங்கள்ல பெரும்பாலானவங்க முழுசா தேறிடறாங்க, சிலருக்கு வாரக்கணக்குல ஆகும். ஆனா 24 நாள் கழிச்சும் பேர் தேடறார்னா நரம்பு டாக்டர் பார்த்தே ஆகணும். எம்ஆர்ஐ தேவையான்னு அவர் சொல்வார். இதை நான் போன்ல பார்த்துச் சொல்ல முடியாது.

புல்லட் பயணி:

அக்கா, படிக்கவே பக்குன்னு இருக்கு. நான் இரண்டு தடவை பைக்கில் போய் வந்தவன், எனக்கு ஒன்றும் ஆகலை. தம்பி பச்சைக் கற்பூரம் ஒரு டப்பா வெச்சுக்கட்டும், கர்துங் லாவில் எல்லாரும் அதைத்தான் மோந்துக்கிட்டு நிப்பாங்க. கூடவே உயரத்துக்குப் பழக டயமாக்ஸ் மாத்திரை. அப்புறம் தினமும் ஜிம் போற பையன்னா பயமே வேண்டாம்.

பழைய நர்சிங் அசிஸ்டென்ட்:

தம்பி, கோவிச்சுக்காதே, இதுல ஒண்ணுதான் சரி.

கற்பூரம் மோந்தா மூக்கு குளிரும், மூச்சு நல்லா போற மாதிரி தோணும். ரத்தத்துல ஒரு துளி ஆக்சிஜன்கூட ஏறாது. ஆபத்தே அங்கதான். நல்லா இருக்கற மாதிரி தோணறதுதானே இங்கே நோய்.

ஜிம் உடம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எங்க சிக் ரூம்ல படுத்தவங்கள்ல பாதிப் பேர் பட்டாலியன் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவங்க. பலசாலி வேகமா ஏறுவான், தலைவலியைப் பொறுத்துக்குவான், அவனுக்குத்தான் பயப்படணும். இரண்டு தடவை ஆகலைங்கறதால மூணாவது தடவையும் ஆகாதுன்னு இல்லை.

டயமாக்ஸ் சரி. சிறுநீரகத்தைப் பைகார்பனேட்டை வெளியேத்த வெச்சு, மூச்சை ஆழமா விட வைக்கும். ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றதையும் குறைக்கும். விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க டாக்டரைக் கேட்காம தொடக்கூடாது. மாத்திரை போட்டுட்டேன்னு வேகமா ஏறவும் கூடாது.

தங்கச்சி, பையன் விஷயம். மணாலி 2,000 மீட்டர். அங்கேயிருந்து ஒரே நாள்ல பாரலாச்சா லா தாண்டி சர்ச்சுங்கற இடத்துல படுக்கறாங்க, அது 4,300 மீட்டர் கிட்ட. அந்த ராத்திரிதான் நிறைய பசங்க மாட்டிக்கறாங்க. சர்ச்சுல மாட்டினா ரெண்டு பக்கமும் மேலே ஏறித்தான் இறங்கணும், உங்களுக்கு சாங் லா வந்த மாதிரி. அதுக்கு முன்னாடி வர்ற ஜிஸ்பா ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கி, சர்ச்சுல படுக்காம விடியக்காலையில கிளம்பிக் கடக்கட்டும். இல்லைன்னா ஸ்ரீநகர், கார்கில் வழியா லே போகட்டும், அது மெல்ல ஏறற பாதை. தனியா மட்டும் விடாதீங்க. கூடப் போறவன்கிட்ட "இவன் வேண்டாம்னாலும் இறக்கு"ன்னு நீங்களே சொல்லி அனுப்புங்க.

தாம்பரம் வாசி:

சகோதரி, நான் விமானப்படையில் இருந்தவன். பறக்கும் ஆட்களைப் பெங்களூரில் ஓர் இரும்பு அறைக்குள் உட்கார வைத்து, காற்றை உறிஞ்சி 25,000 அடி உயரத்தின் அழுத்தத்துக்குக் கொண்டுபோவார்கள். முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கையில் பென்சிலும் காகிதமும் தருவார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுத வேண்டும். அந்த உயரத்தில் உருப்படியாக எதையும் செய்ய மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான்.

நான் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். மனசு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் முகமூடியோடு நின்றவர் என் முகமூடியை மாட்டிவிட்டார். இரண்டு மூச்சு இழுத்ததும் வெளிச்சம் கூடிய மாதிரி இருந்தது. காகிதத்தைப் பார்த்தேன். 93, 86, 79 வரை என் கையெழுத்து. அதற்குக் கீழே 72, 72, 72. அதற்கும் கீழே வெறும் கோடுகள்.

1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து மூன்று பேர் ஜெனித் என்ற பலூனில் 8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். ஆக்சிஜன் பைகள் தலைக்கு மேலேயே தொங்கின. கையை உயர்த்தி எடுக்க முடியவில்லை. இரண்டு பேர் இறந்துபோனார்கள். பிழைத்த டிசான்டியே, வலியே இல்லை, உள்ளுக்குள் ஒரு ஆனந்தம்தான் இருந்தது என்று பிறகு எழுதினார். உங்கள் கணவர் பிடிவாதத்தால் மறுக்கவில்லை. அவருக்கு அந்த இரவின் சாட்சி எதுவும் கையில் இல்லை. எனக்கு அந்தக் காகிதம் இருந்தது.

கரூர்க்காரி:

மூன்று பேருக்கும் நன்றி. தாம்பரம் அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இவர் எந்த ஊருக்குப் போனாலும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து அன்றன்றைய செலவை எழுதிவிட்டுத்தான் படுப்பார். லே போன பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. ஸ்வெட்டருக்கு அடியில் கிடந்தது.

நூப்ரா வரைக்கும் அச்சு மாதிரி எழுத்து, வலது ஓரத்தில் ரூபாய் ஒன்றன்கீழ் ஒன்றாக. பாங்காங் பக்கத்தில் "டீ 60" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியிலும் டீ 60. ஒன்பது வரி, எல்லாம் டீ 60. வரி வரியாகச் சரிந்து கடைசி இரண்டும் பக்கத்தின் மூலைக்குப் போய்விட்டது. கீழே கூட்டி 60 என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

நான் எதுவும் சொல்லாமல் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் பின்னால் திருப்பி, முன்னால் திருப்பி, விரலை வைத்து ஒன்பது வரியையும் எண்ணினார். "இது நான் எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் அவரே எழுந்து, ஹால் டைல்ஸ் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து காட்டினார். பத்து அடியும் விலகவில்லை. பையன் எண்ணினான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரரேதான்.