டிசம்பரில் அரிசோனா மலைப்பக்கம் ட்ரெய்லர் வீட்டோடு போகலாமா?

செங்கலடிச் சாரதி:

வணக்கம். நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். செங்கலடியில் இருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளை ரோட்டில் 26 வருடம். மகள் குடும்பம் அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்தில். மருமகன் போன மாதம் பழைய ட்ரெய்லர் வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். 21 அடி நீளம். உள்ளே கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் உண்டு. அதைப் பிக்கப்பில் கொளுவிக்கொண்டு டிசம்பர் கடைசியில் பிளாக்ஸ்டாப், கிராண்ட் கன்யன், பேஜ், மொனியுமென்ட் வெலி என்று பத்து நாள் சுற்றலாம், மாமாவும் மாமியும் வாங்கோ என்கிறார். விசாவும் வந்துவிட்டது.

"பாலைவனம்தானே மாமா, குளிர் பெரிசா இராது" என்பது அவருடைய கதை. ஆனால் மகள் அனுப்பிய படம் ஒன்றில் பிளாக்ஸ்டாப் கூரைகள் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கின்றன. என் மனிசிக்கு மார்கழி மழையில் இங்கே 23 பாகைக்கு இறங்கினாலே மப்ளர் வேண்டும். முழங்கால் வருத்தம் வேறு.

எனக்கு இன்னொரு பயம். பஸ் ஒரே உடம்பு. இது இரண்டு உடம்பு, நடுவில் ஒரு இரும்புக் குண்டு. இறக்கத்தில் பின்னுக்கு உள்ளது முன்னுக்கு உள்ளதைத் தள்ளாதா? நான் ஓட்டப் போவதில்லை, பக்கத்தில்தான் இருப்பேன். ஆனாலும் என் வலது கால் சும்மா இராது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லடியான்:

ஐயா, நானும் பீனிக்ஸில்தான், இது பன்னிரண்டாவது வருடம். ட்ரெய்லரும் இருக்கிறது. மருமகன் சொல்வது பீனிக்ஸுக்குச் சரி, போகிற இடத்துக்குப் பிழை.

பாலைவனமா இல்லையா என்று பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 330 மீற்றர். டிசம்பர் கடைசியில் இரவில் ஏழு எட்டுப் பாகை இருக்கும். 230 கிலோமீற்றர் வடக்கே பிளாக்ஸ்டாப் 2,100 மீற்றர், நம்முடைய நுவரெலியாவை விட உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஆறு ஆறரைப் பாகை குறையும். அங்கே இரவில் பூச்சியத்துக்குக் கீழே எட்டு, பத்து என்று போவது வழமை. வருடத்தில் இரண்டு மீற்றருக்கு மேல் பனி கொட்டும். கிராண்ட் கன்யனின் தென் விளிம்பும் ஏறக்குறைய அதே உயரம். வட விளிம்புக்குப் போகிற ரோட்டைக் குளிர்காலத்தில் மூடியே விடுவார்கள்.

நான் செய்வது இதுதான். ட்ரெய்லரை வழியில் உள்ள கேம்ப் வேர்டே ஊர்ப் பக்கம் நிறுத்திவிடுவேன், அது 960 மீற்றர்தான். காலையில் பிக்கப்பில் மட்டும் கன்யனுக்கு ஏறி, பார்த்துவிட்டு இரவுக்குத் திரும்பிவிடலாம். ஒரு வழிக்கு இரண்டரை மணித்தியாலம் வரும். ரோட்டில் பனிக்கட்டி என்றால் அன்றைக்குப் போகவே வேண்டாம். பேஜையும் மொனியுமென்ட் வெலியையும் சித்திரை மாதத்துக்கு விடுங்கள். மிச்ச நாளுக்குத் தெற்கே டூசன், ஓர்கன் பைப் கள்ளிக்காடு, மேற்கே குவார்ட்ஸைட். குவார்ட்ஸைட்டைச் சுற்றி 14 நாள் வரை காசில்லாமல் தங்கக்கூடிய அரச காணி இருக்கிறது. கனடாப் பக்கத்து வயதானவர்கள் எல்லாம் குளிர்காலத்தில் அங்கேதான் கூடுவார்கள். உங்களுக்குக் கதைக்க ஆள் கிடைக்கும்.

தள்ளுமா என்றால், தள்ளும். பின்னதுக்குத் தனியாக மின் பிரேக் இருக்கும், அதற்கு ஒரு சின்னக் கைப்பிடி சாரதியின் முழங்காலுக்குப் பக்கத்தில். காற்றில் வால் ஆட்டத் தொடங்கினால் காலை பிரேக்கில் வைக்காமல் அந்தக் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும், பின்னது இழுபட்டு நேராகும். ட்ரெய்லரின் முழு நிறையில் 10 முதல் 15 வீதம் குண்டின் மேல் நிற்க வேண்டும். சாமானை எல்லாம் பின்பக்கம் ஏற்றினால் ஆட்டம் நிச்சயம். மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான், இறக்கத்தில் சின்னக் கியர்.

அக்கரைப்பற்று பவுசர்:

சாரதி ஐயா, நான் அமெரிக்கா பார்த்ததில்லை. சவூதியில் தபூக் பக்கம் எட்டு வருடம் தண்ணீர் பவுசர் ஓட்டினேன். அங்கே ஜபல் அல் லவ்ஸ் மலையில் சில வருடம் பனி கொட்டும், ஆட்கள் கார் பிடித்துப் பார்க்கப் போவார்கள். நானும் பாலைவனம் என்றால் சூடு என்று இரண்டு சேட்டோடு போனவன்தான். நம்மட ஊரில் ஆறும் கடலும் இருக்கிறதால் காற்றில் ஈரம் இருக்கு, அது இரவில் சூட்டைப் பிடித்து வைக்கும். அங்கே காற்றும் காய்ந்தது, மேகமும் இல்லை. பொழுது பட்டதும் மண்ணின் சூடு அப்படியே மேலே போய்விடும்.

ஒரு நாள் விடிய பவுசர் வால்வு திறக்கவில்லை, உள்ளே உறைந்துவிட்டது. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினேன். ஐஸ் இளகி வால்வு திறந்தது, சந்தோஷம். பத்து நிமிடத்தில் பித்தளையின் அடிப்பக்கத்தில் மயிர் மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து தண்ணீர் சீறுகிறது. உறையும்போது தண்ணீர் பத்தில் ஒரு பங்கு அளவு பெருக்கும், வெடிப்பு அப்பவே விழுந்துவிடும். ஆனால் ஐஸ் நிற்கும் வரைக்கும் ஐஸே அடைப்பு, இளகினால்தான் குட்டு வெளிப்படும். ட்ரெய்லரிலும் பைப் இறுகினால் கொதிநீர் ஊற்றாதீங்கோ. மெல்லச் சூடாக்கி, பம்பை நிறுத்தி வைத்துப் பாருங்கோ.

கல்லடியான்:

பவுசர் நானா சொன்னது பொன். அதோடு, முகாமில் தண்ணீர் எடுக்கிற ஹோஸை இரவில் கழற்றி வடித்துவிடுங்கள், முதலில் இறுகுவது அதுதான். உள்ளே இருக்கும் டாங்கியை நிரப்பி அதிலிருந்து பாவியுங்கள். கோப்பை கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்து விட்டால் அறைச் சூடு பைப்புக்கும் போகும்.

செங்கலடிச் சாரதி:

தம்பிமார் இரண்டு பேருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன், மருமகன் வழியை மாற்றச் சம்மதித்துவிட்டார் (மகளின் வேலை என்று நினைக்கிறேன்). இன்னும் ஒன்று. இரவில் குளிர்ந்தால் காஸ் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுப் படுக்கலாமா? மனிசி கேட்கிறா. அவ பிட்டு அவிக்காமல் ஒரு நாளும் இருக்க மாட்டா, அதனால் அடுப்பு எப்படியும் எரியும்.

கல்லடியான்:

கடவுளே, வேண்டாம் ஐயா. அடைத்த பெட்டிக்குள் அடுப்பை எரியவிட்டுப் படுத்தால் காபன் மொனொக்சைட்டு சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். ட்ரெய்லருக்கென்று புகையை வெளியே தள்ளுகிற ஹீட்டர் பூட்டியிருக்கும், அது மட்டும் போதும். எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று மருமகனை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஹீட்டரின் விசிறி பற்றரியில் ஓடுவது, ஆகவே மின் இணைப்பு உள்ள முகாமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் விடியச் சாமத்தில் நின்றுவிடும். கடும் குளிரில் 9 கிலோ காஸ் இரண்டு மூன்று நாளில் தீரும்.

பிட்டு விஷயம் வேறு மாதிரிச் சிக்கல். நாலு பேரின் மூச்சே சுவரில் தண்ணீராக வடியும். அதோடு பிட்டு ஆவியும் சேர்ந்தால் மெத்தையின் அடிப்பக்கம் ஊறிப் பூசணம் பிடிக்கும். மேல் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். அவிப்பது வெளியில், பகலில்.

செங்கலடிச் சாரதி:

சொன்னேன். "வெளியில் அவிக்கிறதென்றால் காற்றுக்கு மறைப்பு வேணுமே" என்கிறா. மருமகனிடம் தகரம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிட்டுக்குழல் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது, என் இரண்டு ஸ்வெட்டரையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு.