நான் அனுப்பாத மெயிலும் நான் போட்ட கையொப்பமும்

என் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வருவது) பெயரில் யாரோ மெயில் அனுப்புகிறார்கள் என்பது திரும்பி வந்த மெயில்களால்தான் தெரிந்தது. 'இந்த முகவரி இல்லை', 'ஏற்க மறுத்துவிட்டார்கள்' என்று இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. நான் அனுப்பியது அதில் ஒன்றுகூட இல்லை. லாகின் பதிவுகளைப் பார்த்தேன், கணக்கை யாரும் உடைக்கவும் இல்லை. உடைக்கத் தேவையும் இல்லை. மெயிலைக் கொண்டுசேர்க்க 1982-ல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி விதிமுறையில் அனுப்புநர் யாரென்று சரிபார்க்க வழியே வைக்கவில்லை. தபால் உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அப்படித்தான் ஃப்ரம் வரியும்.

அந்தச் சமயத்தில் என் மெயில் எல்லாமே பிஜிபி கையொப்பத்தோடுதான் (என்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் ஒப்பம்) போய்க்கொண்டிருந்தது. அப்படியும் போலி மெயிலை நம்பி ஒரு வாடிக்கையாளர் கோபமாக போன் செய்தார். கையொப்பம் இருந்தால், இந்தச் சாவியை வைத்திருப்பவர் ஒப்பமிட்டார் என்று நிரூபிக்கலாம். கையொப்பம் இல்லாத மெயிலைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. 'இவர் எப்போதும் ஒப்பமிடுவாரே, இதில் ஏன் காணோம்?' என்று யோசிப்பவர் எத்தனை பேர்? பலருக்கு அது திறக்கத் தெரியாத ஓர் அட்டாச்மென்ட், அவ்வளவுதான். வைரஸா என்று கேட்டவர்களும் உண்டு.

கடைசியில் கைகொடுத்தது டிமார்க். எந்தெந்த சர்வர்கள் என் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று பட்டியலிடும் எஸ்பிஎஃப் ஏற்கனவே இருந்தது, ஆனால் அது பார்ப்பது சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரியை. வாசிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் வேறொன்றாக இருக்கலாம். எஸ்பிஎஃப்போ, அனுப்பும் சர்வர் டொமைன் பெயரில் போடும் ஒப்பமான டிகிம்மோ உறுதிசெய்த டொமைன் அந்த ஃப்ரமோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பதுதான் டிமார்க். ஒத்துப்போகாததை என்ன செய்வது என்பதையும் அதில் சொல்லலாம், ஆனால் எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) போட்டுவிடாதீர்கள். முதலில் 'நன்' (none, எதுவும் செய்யாதே) வைத்து, மெயில் பெறும் சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படியுங்கள். என் பில் அனுப்பும் சேவை டிகிம் ஒப்பமே இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது அதில்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்தபின் 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு), அப்புறம் 'ரிஜெக்ட்'. திரும்பி வரும் மெயில்கள் நன்றாகவே குறைந்துவிட்டன.

பதில்:
எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. வழக்கமாகப் பொருள் தரும் நிறுவனத்திடமிருந்து 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் பாஸ். பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா தன்னிடமிருந்த பழைய எண்ணில் அழைத்துக் கேட்டதால் பணம் தப்பியது. அவர்களுடைய மெயில் கணக்கே திருடன் கையில் இருந்திருக்கிறது. டிகிம் சாவி சர்வரிடம் இருக்கிறது. உள்ளே நுழைந்தவன் யாரானாலும் அது ஒப்பமிட்டே அனுப்பும்.

பதில்:
பிஜிபியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் கையொப்பம் மெயிலின் உடலை, அதாவது உள்ளே எழுதியதை மட்டுமே காக்கும். சப்ஜெக்ட், டூ, ஃப்ரம் எல்லாம் வெளியே நிற்கும். எங்கள் குழுவில் ஒருவர் "சரி, செய்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதி ஒப்பமிட்ட பழைய மெயிலை யாரோ வேறு சப்ஜெக்டோடு மறுபடி அனுப்பி, இன்னொரு வேலைக்கு ஒப்புதல் வாங்கியதுபோல் காட்டிவிட்டார்கள். கையொப்பம் உண்மையானதுதான், சரிபார்த்தால் பச்சைக்குறி வரும். யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்பதையெல்லாம் உடலுக்குள்ளேயே எழுதுவது இப்போது எங்கள் குழுவின் வழக்கம்.

பதில்:
முதல் பதிவு எழுதியவன்தான். சொல்ல விட்டுப்போனது: டிமார்க் டொமைனை மட்டுமே பார்க்கும். என் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு இலவச முகவரியிலிருந்து அனுப்பினால் 'ரிஜெக்ட்' தடுக்காது. ஒரே ஓர் எழுத்தை மாற்றி வாங்கிய டொமைனுக்கு மோசடிக்காரனே டிகிம், டிமார்க் எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம், எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகும். பல மொபைல் செயலிகள் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. பெயரைத் தொட்டு முழு முகவரியையும் பார்க்கச் சொல்லி என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். கணக்கு எண் மாற்றத்தை மெயிலில் ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்றும் அதிலேயே சேர்த்திருக்கிறேன்.