பழைய பிரவுசரில் வருகிறவர்களை என்ன செய்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து

'பிரவுசரை அப்டேட் செய்துவிட்டு வாருங்கள்' என்று வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பும் தளங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 2019இல் சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுப் பண்ணை ஒன்றுக்குத் தளம் செய்துகொடுத்தேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என்று கன்று விலையெல்லாம் என் மடிக்கணினியில் மூன்று பத்திகளாக நின்றன. பண்ணை அலுவலகத்தில் குரோமில் திறந்தபோது எல்லாம் ஒரே வரிசையாகக் கீழே இறங்கிவிட்டன. அதே கணினியில் பயர்பாக்ஸில் திறந்தால் மறுபடி மூன்று பத்திகள்!

கணினியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதில் குரோம் 49க்கு மேல் ஏறாது, பயர்பாக்ஸ் 52 வரை ஏறும். பத்தி பிரிக்க நான் பயன்படுத்திய கிரிட் என்ற சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) வசதி, 2017 மார்ச்சில் குரோம் 57இலும் பயர்பாக்ஸ் 52இலும்தான் வந்தது. பயர்பாக்ஸ் மயிரிழையில் தப்பியிருக்கிறது.

பண்ணைக்காரர் கவலைப்படவே இல்லை. "விலை தெரிகிறது, போன் நம்பர் தெரிகிறது, வேறென்ன வேண்டும் தம்பி? கணக்கு எழுதுகிற சாப்ட்வேர் இதில்தான் ஓடும், கணினியை மட்டும் மாற்றச் சொல்லாதே" என்றார். விலையும் எண்ணும் சாதாரண எழுத்தாக முதலில் இருக்க வேண்டும், அலங்காரம் அதற்கு மேல்தான் என்பது என் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?

பாலக்கோட்டிலிருந்து

உங்கள் கட்சிதான். தக்காளி மண்டி ஒன்றின் அன்றாட விலைப் பக்கத்தை நான் பராமரிக்கிறேன். ஒருநாள் காலையில் விவசாயி ஒருவர் அழைத்தார். "சார், பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, இன்று மண்டி லீவா?"

மண்டியில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. முந்தைய நாள் பெங்களூரிலிருந்து ஒரு பையன் விலையைக் காட்டும் ஸ்கிரிப்டை (பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை) புதுப்பித்திருந்தான். கேள்விக்குறியையும் புள்ளியையும் ஒட்டி எழுதும் அந்தப் புதுக் குறியீட்டைத் தாராளமாகத் தெளித்திருந்தான். அது குரோம் 80 முதல்தான் புரியும். அதற்கு முந்தைய பிரவுசர் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகாது, ஸ்கிரிப்ட் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். சி.எஸ்.எஸ். அப்படியில்லை, தெரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். உங்கள் மாங்கன்று விலை தப்பியதும் எங்கள் தக்காளி விலை காணாமல் போனதும் இந்த வித்தியாசத்தால்தான்.

இப்போது விலையை சர்வரிலிருந்தே எச்.டி.எம்.எல். ஆக, அதாவது ஸ்கிரிப்ட் இல்லாமலே தெரியும் எழுத்தாக அனுப்புகிறோம். வரைபடமும் போன வார ஒப்பீடும்தான் ஸ்கிரிப்டின் வேலை. அது ஓடாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த விவசாயியிடம் குரோமை அப்டேட் செய்யச் சொல்லிப் பார்த்தேன். போனில் இடமில்லை என்றார். பேத்தி படங்களை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தருமபுரியிலிருந்து

நான் வடிவமைப்பாளன் அல்ல, பழைய வாசகன். பட்டன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் ஓபரா மினி பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஓபரா கான்பிக் என்று அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பை இயக்கிவைப்போம். எழுத்து படமாக வரும், மெதுவாக வரும், ஆனாலும் படித்தோம். அந்த வித்தையைத் தளம் நடத்தியவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பஸ் நிலையத்தில் ஒருவர் சொல்லி இன்னொருவருக்குப் பரவியது.

ஓசூரிலிருந்து

எல்லாரும் இரக்கம் காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன். பணம் செலுத்தும் பக்கத்தில் தாட்சண்யம் கூடாது. இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். முறையின் பழைய 1.0 பதிப்பை 2018 ஜூன் 30க்குள் நிறுத்த வேண்டும் என்று கார்டு பாதுகாப்பு விதியே சொல்லிவிட்டது. பழைய பிரவுசருக்காக அதைத் திறந்து வைத்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் ஆபத்து. நான் மேலே ஓர் அறிவிப்புப் பட்டை போட்டு, 'போனில் ஆர்டர் சொல்லலாம்' என்று எண்ணையும் கொடுத்துவிடுவேன்.

தொழிற்சாலைகளின் கதை வேறு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கு 2022 ஜூன் 15இல் மைக்ரோசாப்ட் விடை கொடுத்துவிட்டது. ஆனால் பழைய உள் மென்பொருளுக்காக எட்ஜ் பிரவுசரில் ஐ.இ. மோடு (பழைய எக்ஸ்புளோரர் போலவே நடந்துகொள்ளும் அமைப்பு) வைத்து இன்றும் ஓட்டுகிறார்கள். அங்கே பிரவுசரை மாற்றச் சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து

ஓசூர் அண்ணா, பணம் செலுத்தும் பக்கம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த அறிவிப்புப் பட்டை யாருக்குத் தெரியும்? பழைய டி.எல்.எஸ்.ஸை மூடியதும் பழைய பிரவுசருக்கு இணைப்பே அறுந்தால் பட்டை எங்கிருந்து வரும்?

ரோஜா வியாபாரி ஒருவரின் தளம் 2024இல் அவருடைய பழைய போனிலேயே திறக்கவில்லை, பாதுகாப்பற்றது என்ற சிவப்பு எச்சரிக்கைதான் வந்தது. யாரோ தளத்தை ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறிவிட்டார். போன் ஆண்ட்ராய்டு 6. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் கொடுத்தது. போன் அதை நம்புவதற்குத் தேவையான அவர்களின் மூலச் சான்றிதழ் 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் கிடையாது. வேறொரு நிறுவனத்தின் கையெழுத்தைக் கொண்டு அதுவரை சமாளித்தார்கள், அந்த ஏற்பாடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. பயர்பாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால் அதை நிறுவிக் கொடுத்தேன், திறந்தது. அவர் ஒருவருக்குச் செய்யலாம். அவரிடம் பூ வாங்குகிறவர்களுக்கெல்லாம் யார் போய் நிறுவுவது? கடைசியில் பழைய போன்களும் நம்பும் வேறு நிறுவனத்தின் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கினோம்.

மீண்டும் கிருஷ்ணகிரியிலிருந்து

சான்றிதழ் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. என் பங்குக்கு ஒன்று: ஒரு வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று சி.எஸ்.எஸ்.ஸிலேயே கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதியை முழுக்க நம்பாதீர்கள். பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விடும் 'கேப்' தெரியுமா என்று கேட்டால் குரோம் 66 முதல் 83 வரை எல்லாப் பதிப்புகளும் 'தெரியும்' என்றுதான் சொல்லும். அவற்றுக்குத் தெரிந்தது கிரிட்டின் இடைவெளி மட்டும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் என்ற இன்னொரு முறைக்கு அது 84இல்தான் வந்தது. பெட்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டியைச் சுற்றி இடம் விடும் பழைய மார்ஜினே மேல்.

இதையெல்லாம் உண்மையான பழைய போனில் பார்த்தால்தான் பிடிபடும். ரவுண்டானா அருகே பழுதுபார்க்கும் கடையில் கீறல் விழுந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருக்கிறேன். சோதிக்க வேண்டும் என்பவர்கள் வந்து வாங்கிப் போகலாம். சார்ஜரை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள்.